லொம்போக்: ஹயாத்தி லீவு கேட்ட ஊர்

போன டிசம்பரில் பள்ளி விடுமுறையில், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், நானும் ஒன்பது வயது மகள் ஷெரினும் ஷார்ஜாவிலிருந்து கிளம்பி லொம்போக் தீவில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தோம். பாலிக்குக் கிழக்கே அடுத்த தீவு அது. இந்தோனேசியாவின் மேற்கு நூசா தெங்காரா மாகாணத்தில் இருக்கிறது. அங்கே எரிமலை ஏறுவது பற்றியும் கடலில் அலைச்சறுக்கு விளையாடுவது பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சலாலா மழை, ஜார்ஜியா பனி என்று நான் முன்பு எழுதியதை நம்பி டிக்கெட் போட்டவர்கள் இதையும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

அவள் பெயர் ஹயாத்தி. ஷெரினுக்குப் பதினோரு மாதம் ஆனபோது, ஏஜென்சி மூலம் ஷார்ஜாவின் முவைலா பகுதியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு வேலைக்கு வந்தவள். நான் ஆஸ்பத்திரி நர்ஸ். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. கணவர் தொழில்பேட்டையில் ஒரு வண்டிப் பட்டறையில் சூப்பர்வைசர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நான் வேலையை விடும் நிலையில் இருந்தேன். ஹயாத்தி ஏற்கெனவே சவூதியில் இரண்டு வீடுகளில் இருந்தவள் என்பதால் அரபி சரளமாகப் பேசுவாள். எங்கள் வீட்டில் நாலு வருடம் இருந்ததில் குமரி மாவட்டத் தமிழையும் பிடித்துக்கொண்டாள். குளச்சல் பக்கத்து எங்கள் உறவுக்காரர்கள் போனில் அவள் குரலைக் கேட்டு, ஊரில் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்திருக்கிறார்கள். அவளுடைய பாஸ்போர்ட்டை நான் என் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். சட்டப்படி அது தப்பு. பத்திரத்துக்குத்தானே, எல்லார் வீட்டிலும் அப்படித்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஷெரினுக்கு நாலே கால் வயது இருக்கும்போது, ஒரு மத்தியானம் நான் டியூட்டி முடிந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஹயாத்தி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“மேடம், எனக்கு ஏழு நாள் லீவு வேணும். யூலியைக் கொண்டுபோயிட்டாவ.”

யூலி அவளுடைய ஒரே மகள். அப்போது பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. ஹயாத்தியின் அக்கா வீட்டில் வளர்ந்தாள். தகப்பன் மலேசியா போன பிறகு ஒரு தகவலும் இல்லை. கடத்திவிட்டார்கள் என்று நினைத்துப் பதறிப்போய், போலீசுக்குச் சொல்லச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு விளக்கினாள். லொம்போக்கின் சசாக் மக்களிடம் கல்யாணம் தொடங்குவதே அப்படித்தானாம். பெண்ணைக் கொடுங்கள் என்று வீடேறி வந்து கேட்டால், அது ஆட்டையோ கோழியையோ விலை கேட்பதுபோல. பெண் வீட்டாருக்கு அவமானம். அதனால் பையன், பெண்ணின் சம்மதத்தோடு அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சொந்தக்காரர் வீட்டில் மறைத்து வைப்பான். இதற்கு மெராரிக் என்று பெயர். மூன்று நாளுக்குள் பெண் வீட்டுக்குச் சேதி வரும். பிறகு பெரியவர்கள் பேசி நிக்காஹ் வைப்பார்கள். போன பெண்ணைத் திரும்பக் கூட்டி வருவது குடும்பத்துக்கே கேவலம் என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள். பெற்ற தாய் நேரில் போய் நின்றால் மட்டும் ஒரு வழி உண்டு.

எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்ஷன், எல்லாருக்கும் லீவு ரத்து. ஷெரினை யாரிடம் விடுவது என்பதுதான் என் மனதில் முதலில் வந்தது. அத்தோடு நான் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் குளச்சல் கடற்கரையில் கல்யாணம் என்றால் மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவிப்பார். மூன்று ஓலை வாசிக்காமல் தாலி கிடையாது. அதற்கும் முன்னால் நிச்சயம், நகை, மண்டபம். எப்படிப் பார்த்தாலும் மூன்று வாரத்துக்குக் குறைந்து ஒரு கல்யாணம் நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“மூணு வாரம் பொறு ஹயாத்தி. இன்ஸ்பெக்ஷன் முடியட்டும், நானே டிக்கெட் போடுறேன். அதுக்குள்ள அங்க ஒண்ணும் நடந்துராது. போன்ல சத்தம் போடு.”

“போன்ல போட்டா கேக்க மாட்டாவ மேடம். வாசல்ல நிண்ணு சத்தம் போடணும்.”

ஐந்தாம் நாள் நிக்காஹ் முடிந்துவிட்டது. அக்கா அனுப்பிய வீடியோவை ஹயாத்தி எனக்குக் காட்டினாள். பவுடர் அப்பிய முகத்தோடு ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. ஹயாத்தி போனை மூடிவிட்டு, ஷெரினுக்கு முட்டை அவிக்கப் போனாள். ஒப்பந்தம் முடிய இருந்த ஏழு மாதமும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. ஏர்போர்ட்டில் ஷெரினைக் கட்டிக்கொண்டு அழுதவள், என்னிடம் “போயிட்டு வாரேன் மேடம்” என்று மட்டும் சொன்னாள். அந்த மரியாதை நாலு வருடம் என்னைத் தூங்கவிடவில்லை. பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். ஒரு தடவைகூட நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. போனில் கேட்கிற மன்னிப்பு இல்லை அது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

இனி பயண விவரம். முவைலாவிலிருந்து துபாய் ஏர்போர்ட்டுக்கு டாக்சி 68 திர்ஹம், 35 நிமிடம். விமானம் காலை 10.50க்கு, ஜகார்த்தா போய்ச் சேர எட்டேகால் மணி நேரம். போக வர இரண்டு பேருக்கும் லொம்போக் வரை 5,400 திர்ஹம் ஆனது. டிசம்பர் என்பதால் அந்த விலை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியவுடன் விசா தருகிறார்கள், ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபியா. இங்கத்திய ஒரு திர்ஹத்துக்குச் சுமார் 4,400 ரூபியா கிடைத்தது. ஜகார்த்தாவில் தங்கிவிட்டு மறுநாள் காலை ஆறு மணி விமானத்தைப் பிடித்தால், இரண்டு மணி நேரத்தில் லொம்போக். கடிகாரத்தை ஷார்ஜாவைவிட நாலு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.

லொம்போக் ஏர்போர்ட் வாசலில் ஒரே கூட்டம். யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்தேன். வெளியே வந்தது கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண். தள்ளுவண்டியில் டேப் சுற்றிய மூன்று பெட்டிகள். முப்பது பேர் லாரி பிடித்து அவளை அழைத்துப்போக வந்திருந்தார்கள். ஆறேழு வயதுப் பெண் குழந்தை ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டார்கள். அது ஓடிப்போய் இன்னொரு பெண்ணின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. எங்கள் டிரைவர் சப்ரி பெட்டியைத் தூக்கிக்கொண்டே, தன் மனைவியும் அபுதாபியில் ஆறு வருடமாக இருப்பதாகச் சொன்னார். வளைகுடா வீடுகளுக்குப் பெண்களை அனுப்ப அவர்கள் அரசு தடை போட்டிருக்கிறதாம். தடை வந்த பிறகும் போகிறார்களே என்றேன். “ஏஜென்ட் இருக்கான் மேடம், விசிட் விசா இருக்கு” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அவருக்கு ஒரு நாளைக்கு வண்டியும் பெட்ரோலும் சேர்த்து ஆறரை லட்சம் ரூபியா. பேரம் பேசினால் ஆறுக்கு வருவார். எனக்குப் பேசத் தோன்றவில்லை.

ஏர்போர்ட்டிலிருந்து இருபது நிமிடத்தில் சாடே என்ற சசாக் கிராமம். புல் வேய்ந்த கூரைகள், எருமைச் சாணத்தால் மெழுகிய தரை. நம் ஊர்க்காரர்களுக்குச் சாணி மெழுகுவது புதுசில்லை, ஆனால் ஷெரின் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். வழிகாட்டி இளைஞர், முன்பெல்லாம் துணி நெய்யத் தெரிந்தால்தான் பெண்ணுக்குக் கல்யாணம் என்று சொன்னார். இப்போதோ என்று கேட்டேன். இப்போது எதுவும் தெரிய வேண்டாம் என்றார். பிறகு சுற்றுலாக் கூட்டத்தைப் பார்த்து, எங்கள் ஊரில் பெண் வேண்டுமென்றால் திருடிக்கொள்ளலாம், என் தங்கை இருக்கிறாள், யாருக்கு வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கை சொன்னார். தினமும் பத்து முறை சொல்வார்போல. சரியான இடத்தில் நிறுத்தினார், எல்லாரும் சிரித்தார்கள். நான் ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். நுழைவுக் கட்டணம் கிடையாது; விரும்பியதை உண்டியலில் போடலாம்.

மாத்தராம் நகரத்தில் தங்கினோம். ஏர்போர்ட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கே பிளெச்சிங் காங்குங் என்று ஒரு கீரை தருகிறார்கள். அவித்த கீரைமேல் பச்சைத் தக்காளி, மிளகாய், இறால் விழுது அரைத்துக் கொட்டியது. நம் நாக்குக்குப் பொருத்தம். சாப்பாட்டுக் கடைச் சுவர்களில் எல்லாம் வெள்ளைத் தலைப்பாகை வைத்த பெரியவர்களின் படம். துவான் குரு என்று அழைக்கிற மார்க்க அறிஞர்களாம். கல்யாணம், விவாகரத்து, வெளிநாட்டுப் பயணம் எதுவானாலும் அவர்கள் வாக்குக்குத்தான் இங்கே மதிப்பு என்றார் சப்ரி.

மறுநாள் ஞாயிறு. லிங்சார் போனோம், மாத்தராமிலிருந்து அரை மணி நேரம். ஒரே வளாகத்தில் பாலி இந்துக்களும் சசாக் முஸ்லிம்களும் வழிபடுகிறார்கள். பக்தர்கள் அவித்த முட்டையை உரித்துக் குளத்தில் நீட்டினால் விலாங்கு வந்து வாங்கிக்கொள்கிறது. ஷெரின் ஏழு முட்டை போட்டாள். இந்தப் பயணத்தில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான். திரும்பும் வழியில் ஐம்பது நிமிடம் வண்டி நகரவில்லை. கல்யாண ஊர்வலம். நிக்காஹ் முடிந்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெண்ணின் தாய் வீட்டுக்கு மேளதாளத்தோடு நடத்திக் கூட்டிப்போகிறார்கள். ஆளுயர ஸ்பீக்கர்களைத் தள்ளிக்கொண்டு ஒரு பாட்டுக் கோஷ்டி முன்னால் ஆடிக்கொண்டே போனது. மணப்பெண் எங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு நடந்தாள். வயது என்ன இருக்கும் என்று சப்ரியைக் கேட்டேன். பதினாறு என்று சொல்வார்கள் என்றார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பி அழுதேன். ஷெரின் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஹயாத்தியின் ஊருக்குக் கிளம்பினோம். தீவின் கிழக்குப் பக்கம், மாத்தராமிலிருந்து 58 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. வழியெல்லாம் நெல்லும் புகையிலையும். மேகம் விலகினால் ரிஞ்சானி எரிமலை. ஓட்டு வீடுகளுக்கு நடுவே திடீர் திடீரென்று டைல்ஸ் ஒட்டிய தூண்களும் தங்க நிறக் கேட்டும் போட்ட வீடுகள் வந்தன. சப்ரி விரலை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்: இது சவூதி, இது குவைத், இது துபாய். பாதி வீடுகளில் தூணுக்கு மேல் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்கள் இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தமாம்.

வண்டி நின்றதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். எனக்கு அவர்கள் மொழி தெரியாது. ஒரு கிழவி என் முகத்தைப் பார்த்து “மின் வேன் இன்த்தி?” என்றாள். எங்கிருந்து வருகிறாய் என்று அரபியில் கேட்கிறாள். ஷார்ஜா என்றேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு அரபியில் பேசத் தொடங்கிவிட்டார்கள். ரியாத்தில் பன்னிரண்டு வருடம், தோஹாவில் மூன்று, ஷார்ஜாவில் கார்னிஷ் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு வீட்டில் ஐந்து. வார்டில் நான் நோயாளிகளிடம் பேசும் அதே உடைந்த அரபியில், இந்தோனேசியாவின் ஒரு நெல்வயல் ஓரத்தில் நின்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஹயாத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

“வந்தியளா மேடம்? பாப்பா என்னமா வளந்துட்டு!”

ஷெரின் கை நீட்டி “ஹலோ ஆன்ட்டி” என்றாள். ஹயாத்தி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஷெரினுக்கு அவளைச் சுத்தமாக ஞாபகமில்லை. பேச்சு வந்த புதிதில் அவள் அம்மா என்று கூப்பிட்டது என்னை இல்லை, ஹயாத்தியைத்தான். கிழவி என்னைக் காட்டி யார் என்று கேட்டாள். அக்கா என்றோ தோழி என்றோ சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “ஹாதி கஃபீல் மாலி” என்றாள் ஹயாத்தி. இவர் என் கஃபீல், அதாவது என்னை வேலைக்கு வைத்திருந்த முதலாளி. அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. உண்மையைச் சொன்னாள்.

சசாக் வீடுகளில் விருந்தாளியை முற்றத்தில் இருக்கும் பெருகாக் என்ற மேடையில்தான் உட்கார வைக்கிறார்கள். ஆறு கால் நட்டு மேலே கூரை போட்ட திறந்த மேடை. வாழைக்காய் வறுவலும் காப்பியும் கொண்டுவந்து வைத்தது யூலி. பத்தொன்பது வயது, பார்க்க ஷெரினுக்கு அக்கா மாதிரி இருந்தாள். ஹயாத்தியின் இடுப்பில் இருந்த குழந்தை அவளுடையது. கணவன் மலேசியாவில் செம்பனைத் தோட்டத்துக்குப் போய், அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, போனிலேயே யூலியைத் தலாக் சொல்லிவிட்டானாம்.

நான் நாலு வருடமாக மனப்பாடம் செய்ததைத் தொடங்கினேன். “ஹயாத்தி, அண்ணைக்கு நான் லீவு தந்திருந்தா...”

“அது கலாஸ் மேடம். முடிஞ்சுது.” அவள் கையை என் முட்டியில் வைத்தாள். “இப்ப ஒரு காரியம் இருக்கு. யூலி வெளிநாட்டு வேலைக்குப் போறா. ஏஜென்ட் பாஸ்போர்ட் எடுத்தாச்சு. வயசு இருபத்தி நாலுண்ணு போட்டிருக்கான். எந்த நாடுண்ணு சொல்ல மாட்டேங்கான். மஸ்கட்டுங்கான், குவைத்துங்கான், ஒருநா ஈராக்குண்ணான். நீங்க எடுத்துக்கிடுங்க மேடம். உங்க வீட்டில இருந்தா எனக்கு உறக்கம் வரும்.”

போக வேண்டாம், மாதாமாதம் நான் ஏதாவது அனுப்புகிறேன் என்றேன். ஹயாத்தி சிரித்தாள், எத்தனை மாதத்துக்கு என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். யூலி என்னை நேராகப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ கேட்டாள். ஹயாத்தி கொஞ்சம் தயங்கினாள்.

“கேக்கா மேடம்... பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுண்ணு போன் வந்தா, எத்தன நாள்ல விடுவியண்ணு கேக்கா.”

“அண்ணைக்கே. அதே நாள் டிக்கெட் போட்டு அனுப்புவேன்ணு சொல்லு.”

ஹயாத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யூலி காத்திருந்தாள். ஹயாத்தி அதை மொழிபெயர்க்கவில்லை. “காப்பி ஆறுது மேடம், குடிங்க” என்றாள். யூலி புரிந்துகொண்டு, காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த இடத்தில் எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. மன்னிப்பு அதில் இல்லை.

ஆனாலும் யூலியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஏஜென்ட் புது வருடம் கழித்து என்று சொல்லியிருந்தானாம். அதற்குள் விசா பேப்பர் அனுப்புகிறேன், அவனோடு விடாதே என்றேன். அந்த நேரத்தில் என் மனதில் இருந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பள்ளி விட்டு வந்து ஷெரின் நாலு மணி நேரம் தனியாக இருக்கிறாள். வீட்டுக்கு ஆள் கிடைத்தது என்ற நிம்மதியும் எனக்குள் இருந்தது. தாயிடமிருந்து இன்னொரு குழந்தையைப் பிரித்து அந்த நிம்மதி வருகிறது என்று தெரிந்தேதான் இருந்தது.

ஷார்ஜா வந்து சேர்ந்தோம். புது வருட விடுமுறை, ஏஜென்சி அலுவலகம் பூட்டியிருந்தது. பிறகு ஷெரினுக்குக் காய்ச்சல். பிறகு வார்டில் ஆள் குறைவு, எனக்குத் தொடர்ந்து டியூட்டி. ஏஜென்ட் எங்கே அவ்வளவு சீக்கிரம் அனுப்பிவிடப் போகிறான், மெடிக்கல், விசா, டிக்கெட் என்று எப்படியும் மூன்று வாரம் ஆகும் என்று நினைத்தேன். திரும்பி வந்த பதினோராம் நாள்தான் கையெழுத்துப் போட்டு, பேப்பரைப் படம் எடுத்து ஹயாத்திக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து அவள் குரல் பதிவு வந்தது. யூலி போய் நாலு நாள் ஆகிறது. காலையில் வேன் வந்தது, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த நாடு என்று ஜகார்த்தாவில் சொல்வோம் என்றார்களாம். அன்றிலிருந்து யூலி போனை எடுக்கவில்லை.

அதே மூன்று வாரக் கணக்கு. இரண்டாவது முறையும் நான்தான் போட்டேன். வேலை, காய்ச்சல், விடுமுறை எல்லாம் சாக்குப்போக்கு. யாரும் என்மேல் பழி போடாததால் நானே போட்டுக்கொள்கிறேன். அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பதும் தெரிகிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பரில் தினமும் மழை. மே முதல் செப்டம்பர் வரை நல்லது. கிழக்குப் பக்கம் போனால் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், கார்டு செல்லாது. பெண்கள் தோளும் முட்டியும் மூடிய உடை உடுத்துங்கள். ஞாயிறு மத்தியானம் விமானம் பிடிப்பதாக இருந்தால் ஊர்வலத்துக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். உங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெண் யாராவது வேலையில் இருந்தால் பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுங்கள். அவள் லீவு கேட்டால் எதற்கு என்று விசாரிக்கும் முன்னால் டிக்கெட் போடுங்கள்.

ஹயாத்தி இப்போதும் எனக்குச் செய்தி அனுப்புகிறாள். வளைகுடா எவ்வளவு பெரியது என்று மூன்று வீடுகளில் வேலை பார்த்த அவளுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் நேற்றும் கேட்டிருந்தாள்: “மேடம், ஆஸ்பத்திரிக்கு வாற ஆளுவள்ல எங்கயாவது யூலியைக் கண்டா, சாப்பிட்டியாண்ணு கேளுங்க.” நான் ஒவ்வொரு நாளும் முகம் முகமாகப் பார்க்கிறேன். தோஹாவில், மஸ்கட்டில், குவைத்தில் இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். லிஃப்டில், பார்க்கில், குழந்தையைத் தள்ளிக்கொண்டு, பாஸ்போர்ட்டில் இருபத்து நாலும் முகத்தில் பத்தொன்பதுமாக ஒருத்தி நின்றால், இந்தோனேசிய மொழியில் இரண்டு வார்த்தை போதும். “சுடா மாகான்?” என்றால் “சாப்பிட்டாயா?”